தொடக்கப் பள்ளிக்கு 5,000 ரூபாய் விளையாட்டு மானியம்: என்ன வாங்குவது, எப்படிக் கணக்கு வைப்பது?

செம்மண்திடல்:

வணக்கம். எங்களுடையது ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. 1 முதல் 5 வரை 58 பிள்ளைகள். தலைமை ஆசிரியரோடு சேர்த்து ஆசிரியர்கள் இரண்டு பேர். உடற்கல்விக்குத் தனி ஆசிரியர் கிடையாது. நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினர்.

சமக்ர சிக்ஷாவில் (மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து நடத்தும் பள்ளிக் கல்வித் திட்டம்) தொடக்கப் பள்ளிக்கு வரும் விளையாட்டு மானியம் 5,000 ரூபாயை எப்படிச் செலவிடுவது என்று அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போட வேண்டும். ஒரு கடையிலிருந்து 4,990 ரூபாய்க்கு 'ஸ்கூல் கிட்' என்று பட்டியல் வந்திருக்கிறது: 5ஆம் நம்பர் கால்பந்து 1, வாலிபால் 1, கிரிக்கெட் மட்டை 1, ஷட்டில் மட்டை ஒரு ஜோடி, கேரம் போர்டு 1, செஸ் 2, ஸ்கிப்பிங் கயிறு 4, டம்பெல்ஸ் 6 ஜோடி.

இதை அப்படியே வாங்கிவிடலாமா? இந்த 5,000 போக வேறு எந்தத் தலைப்பில் பணம் எடுக்க வழி உண்டு? பில், பதிவேடு விஷயத்தில் எங்கே சிக்கல் வரும்? திடல் சுமார் 40க்கு 25 மீட்டர், செம்மண். ஒரு பக்கம் வேலி இல்லை, சீமைக் கருவேலம் அடர்ந்திருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆடுகளம்:

அந்தக் கிட் வேண்டாம். எத்தனை வகை விளையாட்டு என்று பார்த்துப் போட்ட பட்டியல் அது. நீங்கள் பார்க்க வேண்டியது ஒரே நேரத்தில் எத்தனை பிள்ளைகள் ஓடியாட முடியும் என்பதைத்தான். 58 பேரை இரண்டாகப் பிரித்தால் ஒரு தடவைக்கு 29 பேர். ஒரு மட்டை இருந்தால் ஒருவன் அடிப்பான், ஒருவன் போடுவான், நாலைந்து பேர் பந்தைத் துரத்துவார்கள், மீதிப் பேர் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். கேரம் போர்டில் நாலு பேர். அதிலும் கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் முந்திக்கொள்வார்கள். 1, 2ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆட வாய்ப்பே வராது.

அளவும் பொருந்தாது. 5ஆம் நம்பர் பந்து பெரியவர்களுக்கானது, எடை 410 முதல் 450 கிராம். ஏழு வயதுப் பிள்ளை அதை உதைத்தால் கால் வலிக்கும், அடுத்த தடவை ஒதுங்கி நிற்கும். 3ஆம் நம்பர் வாங்குங்கள். 4, 5ஆம் வகுப்புக்கு வேண்டுமானால் 4ஆம் நம்பர். வாலிபால் இந்த வயதில் மணிக்கட்டுக்கு ஆகாது. டம்பெல்ஸ் ஆண்டு விழா டிரில்லுக்கு மட்டும் வெளியே வரும்.

என் பட்டியல் இது. விலை கடைக்குக் கடை மாறும், தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள்:

டென்னிஸ் பந்து 15 – 600
நைலான் பின்னல் கயிறு 8 மி.மீ., 75 மீட்டர் – 900
டெனிக்காய்ட் வளையம் (வீசிப் பிடிக்கும் ரப்பர் வளையம்) 10 – 600
தட்டுக் கூம்பு (சாசர் கோன்) 40 – 450
3ஆம் நம்பர் ரப்பர் கால்பந்து 2 – 700
8 அங்குல லேசான ரப்பர் பந்து 4 – 320
ஹூலா ஹூப் 8 – 640
காற்றடிக்கும் பம்ப், ஊசிகளோடு – 200
விசில் 2 – 80
வலைப் பை 2 – 200
30 மீட்டர் ஃபைபர் டேப் – 250

மொத்தம் 4,940. மிச்சம் 60 ரூபாய்க்குக் கூடுதலாக ஊசி வாங்கி வையுங்கள். முதலில் தொலைவது அதுதான்.

கயிற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இந்தப் பட்டியலில் காசுக்கு அதிகம் ஆட வைப்பது அதுதான். கைப்பிடி வைத்த ரெடிமேட் ஸ்கிப்பிங் கயிறு பெரும்பாலும் பெரியவர்கள் நீளத்தில் வரும், கைப்பிடியில் கயிறு நுழையும் இடத்தில் சில வாரத்தில் அறுந்துபோகும். ஹார்டுவேர் கடையில் எடைக்கு வாங்குங்கள், 75 மீட்டருக்கு ஏறக்குறைய மூன்று கிலோ பிடிக்கும். 2.1 மீட்டராக 30 துண்டு, 5 மீட்டராக 2 துண்டு. வெட்டிய முனையை மெழுகுவத்தியில் காட்டி உருக்கி, ஆறுமுன் ஈரத்துணியால் அழுத்திவிட்டால் பிரியாது. இந்த வேலையைப் பெரியவர்கள் செய்யட்டும். இரண்டு முனையிலும் ஒரு முடிச்சு போட்டால் அதுவே பிடி. நடுக்கயிற்றை மிதித்துக்கொண்டு நின்றால் முனைகள் அக்குள் வரை வர வேண்டும். 1ஆம் வகுப்புப் பிள்ளைக்கு நீளமாக இருந்தால் கையில் ஒரு சுற்று சுற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். கிணற்றடியில் பார்க்கிற பச்சைப் பிளாஸ்டிக் கயிறு வேண்டாம். எடை போதாது, சுழற்றினால் காற்றிலேயே தொய்யும், நார் உரிந்து உள்ளங்கையைக் குத்தும்.

உங்கள் திடலில் கருவேல முள் இருப்பதால் தோல் போலத் தைத்த பந்து, உள்ளே தனி பிளாடர் வைத்த பந்து எதையும் வாங்காதீர்கள். ஒரு முள் போதும். கெட்டியான மோல்டட் ரப்பர் பந்து தாங்கும். காற்றடிக்கும்போது ஊசியைக் காய்ந்தபடி குத்தினால் வால்வு உள்ளே கிழியும், அப்புறம் எவ்வளவு அடித்தாலும் மறுநாள் காலை பந்து சப்பிப்போய்க் கிடக்கும். ஊசியைத் தண்ணீரிலோ கிளிசரினிலோ நனைத்து நேராக இறக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், ரப்பர் இளகும். எவ்வளவு காற்று என்பது வால்வு பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். கேஜ் இல்லாவிட்டால், இரண்டு கட்டைவிரலால் அழுத்தும்போது லேசாக அமுங்குகிற அளவில் நிறுத்துங்கள்.

ஹூப்புகள் இணைப்பில்தான் விட்டுப்போகும். உள்ளே நுழைகிற மாதிரி ஒரு விரல் நீளப் பிளாஸ்டிக் குழாய்த் துண்டைச் செருகி இன்சுலேஷன் டேப் சுற்றினால் மறுபடி ஓடும். வெயிலில் போட்டுவைத்தால் மொறுமொறுவென்று ஆகி உடையும். கூம்பு வாங்கும்போது மடக்கிப் பாருங்கள், மடங்கி நிமிர்கிறதை வாங்குங்கள். விறைப்பாக இருப்பவை மிதித்ததும் வெடிக்கும்.

பேரேடு:

நிதி, கணக்குப் பக்கம் நான் சொல்கிறேன்.

முதலில் 5,000தான் என்று நினைக்க வேண்டாம். இதே சமக்ர சிக்ஷாவில் 'பள்ளி மானியம்' (காம்போசிட் கிராண்ட்) தனியாக உண்டு. பிள்ளைகள் எண்ணிக்கையை வைத்து அது வரும்: 30 வரை 10,000, 31 முதல் 100 வரை 25,000, 101 முதல் 250 வரை 50,000, அதற்கு மேல் 1,000 வரை 75,000, அதையும் தாண்டினால் ஒரு லட்சம். 58 பேருக்கு உங்களுடையது 25,000. இதில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிக்கு. மீதியைச் செலவிடக்கூடிய இனங்களில் மின்கட்டணம், குடிநீர், கற்பித்தல் பொருட்களோடு விளையாட்டுப் பொருட்களும் வழிகாட்டுதலிலேயே வருகின்றன. பல பள்ளிகளில் இது தெரியாமல் முழுவதையும் சுண்ணாம்பு அடிப்பதிலும் ஸ்டேஷனரியிலும் முடித்துவிடுகிறார்கள். மூவாயிரம் ஒதுக்கினாலும் ஆண்டு நடுவில் தேய்ந்த பந்து, கயிறு, முதலுதவிப் பெட்டிச் சாமான் எல்லாம் வந்துவிடும். நடுநிலைப் பள்ளிக்கு விளையாட்டு மானியம் 10,000, உயர்நிலை, மேல்நிலைக்கு 25,000 வரை. தொடக்கப் பள்ளிக்குத்தான் குறைச்சல். ஓடி விளையாட வேண்டிய வயதுக்குப் போய் இப்படி ஒதுக்குவது சரியே இல்லை. ஆனாலும் இருப்பதை முழுக்க எடுத்துவிட வேண்டும்.

இனி நடைமுறை. 2021 ஜூலையிலிருந்து பணம் பள்ளிக் கணக்கில் வந்து உட்காருவதில்லை. எஸ்என்ஏ (ஒற்றை ஒருங்கிணைப்பு முகமை) முறையில் மாநில அளவில் ஒரே கணக்கு. பள்ளிக்கு 'லிமிட்', அதாவது செலவு உச்சவரம்பு, மட்டும் ஒதுக்குவார்கள். பிஎஃப்எம்எஸ் என்ற அரசின் இணையப் பணப்பட்டுவாடா தளத்தில் கடைக்காரரை வெண்டராகச் சேர்த்து, ஒருவர் பதிந்து இன்னொருவர் ஒப்புதல் தந்து, பிபிஏ (பணம் அனுப்பச் சொல்லி வங்கிக்குத் தரும் அச்சுப் படிவம்) எடுத்துக் கையெழுத்திட்டு வங்கியில் கொடுத்தால் நேரே கடைக்காரர் கணக்குக்குப் போகும். தடங்கல் வருவது பெரும்பாலும் இந்த நாலு இடத்தில்:

ஒன்று, பில் தேதி. தீர்மானம் முதலில், பிறகு விலைப்புள்ளி, பிறகு பில். தீர்மானத்துக்கு முந்தைய தேதியில் பில் இருந்தால் தணிக்கையில் அதுதான் முதல் கேள்வி.

இரண்டு, பில் யார் பேரில். தலைமை ஆசிரியரின் சொந்தப் பெயரில் வாங்காதீர்கள். 'தலைவர், பள்ளி மேலாண்மைக் குழு' என்று போட்டு, பள்ளிப் பெயரும் யுடைஸ் எண்ணும் (பள்ளியின் அடையாள எண்) எழுதச் சொல்லுங்கள். 'விளையாட்டுப் பொருட்கள் – 4,940' என்று ஒரே வரியில் தந்தால் திருப்பிக் கொடுங்கள். பொருள், எண்ணிக்கை, ஒன்றின் விலை, ஜிஎஸ்டி எண் நாலும் வேண்டும். பந்து, மட்டை மாதிரியான விளையாட்டுப் பொருட்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 12லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய விலைப்பட்டியலை நீட்டினால் கேளுங்கள்.

மூன்று, வங்கி விவரம். கடையின் கணக்கு எண்ணிலோ ஐஎஃப்எஸ்சியிலோ ஓர் எழுத்து பிசகினாலும் பணம் திரும்பும். ரத்தான காசோலை நகல் வாங்கி அதைப் பார்த்தே பதியுங்கள். பிபிஏ சில நாட்களுக்குத்தான் செல்லும், அச்சிட்ட அன்றே வங்கியில் கொடுத்துவிடுங்கள்.

நான்கு, மார்ச். செலவிடாத லிமிட் மார்ச் 31க்குப் பிறகு உங்களுக்குக் கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியாது. கடைசி வாரத்தில் தளமும் திணறும். பிப்ரவரிக்குள் முடியுங்கள். லிமிட் வருமுன் கடனுக்கும் வாங்காதீர்கள். இந்தத் திட்டத்தில் மத்திய அரசு 60, மாநில அரசு 40. 2024-25இல் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய மத்தியப் பங்கு சுமார் 2,152 கோடி நிறுத்தப்பட்டு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனதை மறந்துவிடக் கூடாது. மேலே நடக்கும் இழுபறிக்குக் கடைக்காரரிடம் பதில் சொல்லும் நிலை தலைமை ஆசிரியருக்கு வரக் கூடாது.

தீர்மானத்தில் பொருள்களின் பெயரையும் உச்சத் தொகையையும் எழுதுங்கள், பள்ளிக் கல்வித் துறையின் டிஎன்எஸ்இடி பேரண்ட்ஸ் செயலியிலும் ஏற்றிவிடுங்கள். 5,000க்கு டெண்டர் கிடையாது. ஆனாலும் மூன்று கடை விலைப்புள்ளி கோப்பில் இருந்தால் யாரும் பேச முடியாது. கடைசியில் பயன்பாட்டுச் சான்றிதழ், பில் நகல், பொருட்களின் படம்.

இருப்புப் பதிவேடு பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பந்தும் கயிறும் தேய்ந்துபோகிற பொருள். பம்ப், டேப் மட்டும் நீடிக்கிற பொருள். இரண்டையும் தனித்தனிப் பக்கத்தில் ஏற்றுங்கள். தேய்ந்ததை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டத்தில் காட்டி, 'டென்னிஸ் பந்து 6, பயன்பாட்டில் கிழிந்தவை, கழிவு' என்று தீர்மானம் போட்டுக் கழித்துவிடுங்கள். இதைச் செய்யத் தெரியாத பயத்தில்தான் எத்தனையோ பள்ளிகளில் புதுப் பந்து பீரோவுக்குள்ளேயே காற்றிறங்கிக் கிடக்கிறது. தணிக்கை வந்தால் எண்ணிக்காட்ட வேண்டுமே என்று பூட்டிவைக்கிறார்கள். கழிவுத் தீர்மானம் இருந்தால் கிழிந்த பந்து குறையே அல்ல. ஆண்டு முடிவில் பளபளவென்று இருக்கும் பந்துதான் கேள்வி கேட்க வேண்டிய விஷயம்.

செம்மண்திடல்:

இருவருக்கும் மிக்க நன்றி. கயிறு ஹார்டுவேர் கடை, மற்றவை விளையாட்டுக் கடை என்று இரண்டு பில் வந்தால் பரவாயில்லையா? இன்னொன்று, பொருள் வந்த பிறகு நடத்துவது யார்? பகுதிநேர உடற்கல்வி ஆசிரியர் கேட்க முடியுமா? கோடு போடச் சுண்ணாம்பு எவ்வளவு வேண்டும்?

வேப்பமரத்தடி:

பகுதிநேர ஆசிரியர் தொடக்கப் பள்ளிக்குக் கிடையாது. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை 6 முதல் 8 வரை உள்ள வகுப்புகளுக்கு, அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் என்கிறது. 2012இல் தமிழ்நாட்டில் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி எல்லாவற்றுக்கும் சேர்த்து நியமித்த 16,549 பேரும் அந்த வகுப்புகளுக்கானவர்கள்தான். அதே அட்டவணை எல்லாப் பள்ளிக்கும் விளையாட்டுத் திடலும், ஒவ்வொரு வகுப்புக்கும் தேவைக்கேற்ப விளையாட்டுப் பொருளும் வேண்டும் என்கிறது. திடலையும் பொருளையும் சட்டத்தில் வைத்துவிட்டு, சிறு பிள்ளைகளுக்கு ஆளை மட்டும் விட்டுவிட்டார்கள். ஆகவே வகுப்பாசிரியர்தான் நடத்த வேண்டும். பக்கத்து உயர்நிலைப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரை மாதம் ஒருமுறை அனுப்பும்படி வட்டாரக் கல்வி அலுவலருக்குப் பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானத்தோடு விண்ணப்பிக்கலாம். அவரிடம் பிள்ளைகளுக்கு விளையாட்டு நடத்தச் சொல்வதைவிட, உங்கள் இரண்டு ஆசிரியர்களுக்கும் ஒரு மணி நேரம் செய்து காட்டச் சொல்லுங்கள். அது நிற்கும்.

40 நிமிடப் பாடவேளையை இப்படி ஓட்டலாம். 29 பேரை ஏழேழாக நாலு குழு, ஒரு குழுவில் மட்டும் எட்டுப் பேர். திடலின் நாலு மூலையில் நாலு வேலை: கயிறு தாண்டல், டென்னிஸ் பந்தைத் தரையில் வரைந்த வட்டத்துக்குள் எறிதல், கூம்புகளுக்கு இடையே வளைந்து ஓடுதல், ஜோடியாக வளையம் வீசிப் பிடித்தல். ஒவ்வொன்றிலும் ஆறு நிமிடம், விசில், அடுத்த மூலை. முன்னால் ஐந்து நிமிடம் உடல் சூடேற்றம், கடைசியில் ஐந்து நிமிடம் பொருளை எண்ணிப் பைக்குள் போட. இடம் மாற ஒன்றிரண்டு நிமிடம் போகும், அதையும் கணக்கில் வையுங்கள். ஐந்து பேருக்கு மேல் வரிசையில் நிற்கிற விளையாட்டு எதுவானாலும் இரண்டாகப் பிரித்துவிடுங்கள். ஆசிரியர் வேலி இல்லாத பக்கம் நிற்க வேண்டும். பந்து எறியும் திசை சாலையை நோக்கி இருக்கக் கூடாது.

பார்வை குறைந்த பிள்ளை இருந்தால் லேசான ரப்பர் பந்தைக் கரகரக்கும் கேரிபேக்கில் போட்டு முடிந்து உருட்டுங்கள், சத்தம் கேட்டுப் பிடிக்கும். சக்கர நாற்காலிப் பிள்ளைக்கு வளையம் வீசுவது நன்றாக வரும்.

சுண்ணாம்பு வேண்டாம். நீறாத சுண்ணாம்பு ஈரத்தில் பட்டால் கொதிக்கும், கண்ணில் போனால் பார்வைக்கே ஆபத்து. நீறிய சுண்ணாம்பும் கண்ணை அரிக்கும். கல்மாவுதான் நல்லது, கோலமாவு விற்கிறார்களே, அதுதான். விலையும் குறைவு. அடியில் துளையிட்ட டப்பாவில் போட்டு, இழுத்துக் கட்டிய கயிற்றின் மேலே நடந்துகொண்டே தட்டினால் நேர்க்கோடு விழும். மூலை சரியாக வர ஒரு பக்கம் 3 மீட்டர், மறுபக்கம் 4 மீட்டர் அளந்து, குறுக்கே 5 மீட்டர் வருகிற மாதிரி சரிசெய்யுங்கள். மழை பெய்தால் போய்விடும். அதனால் பள்ளியின் முன்புறச் சிமெண்ட் தளத்தில் பாண்டிக் கட்டமும் எண் வட்டமும் நிரந்தரமாகப் பெயிண்ட் அடித்துவிடுங்கள். எனாமல் அடித்தால் ஈரத்தில் வழுக்கும். வெளிப்புற எமல்ஷனில் கொஞ்சம் சலித்த மணல் கலந்து அடிக்க வேண்டும்.

முள்ளை வாரத்துக்கு ஒருமுறை வாரிப் பெருக்குவதோடு, கருவேலத்தை வேரோடு எடுக்க ஊராட்சிக்கு மனு கொடுங்கள். மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்கும். வெயில் காலத்தில் காலை 10 மணிக்கு முன், அல்லது மாலை 3.30க்குப் பின். சாப்பிட்ட உடனே வேண்டாம்.

பேரேடு:

இரண்டு பில் தாராளமாக இருக்கலாம், ஒரே தீர்மானத்தில் இரண்டு கடையும் வர வேண்டும், அவ்வளவுதான். ஹார்டுவேர் பில்லில் 'கயிறு 3 கிலோ' என்று வரும். பதிவேட்டில் வெட்டிய பிறகு 'ஸ்கிப்பிங் கயிறு 2.1 மீ. – 30, நீளக் கயிறு 5 மீ. – 2' என்று மாற்றி எழுதி, ஓரத்தில் தலைமை ஆசிரியர் கையொப்பம் வையுங்கள். இல்லாவிட்டால் கிலோ கணக்கை யாரும் பின்னால் சரிபார்க்க முடியாது.

மற்ற வழிகளையும் சொல்லிவிடுகிறேன். வேலி, திடல் சமன் செய்வது எல்லாம் இந்த மானியத்தில் அடங்காது. சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதிக்கு மதிப்பீட்டோடு மனு கொடுக்கலாம். ஊர்க்காரர்கள் மூன்றில் ஒரு பங்கு போட முன்வந்தால் 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது. 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' தளத்தில் பள்ளியின் தேவையைப் பதிந்தால் முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் அதன் வழியே தரலாம். கையில் ரொக்கமாக நன்கொடை வாங்காதீர்கள். 2024இல் ஊராட்சிகளுக்குக் கொடுத்த கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பில் 33 வகைப் பொருள் உண்டு. பெரும்பாலும் இளைஞர்களுக்கான அளவு என்றாலும், உங்களுக்குப் பயன்படுகிறது ஏதாவது இருந்தால் ஊராட்சியிடம் எழுதிக் கேட்டு, வாங்கியதும் திருப்பியதும் தேதியோடு குறித்துவையுங்கள்.

செம்மண்திடல்:

சரி, திருத்திய பட்டியலோடு தீர்மானம் எழுதுகிறோம். சில பெற்றோர் மிச்சப் பணத்தில் ஊஞ்சலும் சறுக்கு மரமும் கேட்கிறார்கள். பள்ளி மானியத்திலிருந்து எடுக்கலாமா?

ஆடுகளம்:

அதில் எடுக்க வேண்டாம். அந்த 25,000 ஆண்டு முழுக்கக் கரண்டு பில், தண்ணீர், பழுதுக்கு வேண்டியது. ஊஞ்சலும் சறுக்கும் நன்கொடையாக வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் நடுவதற்குமுன் மூன்றைப் பாருங்கள். கால்கள் வெறும் மண்ணில் அல்ல, கான்கிரீட்டில் ஊன்றியிருக்க வேண்டும். அந்தக் கான்கிரீட்டின் தலை தரைக்கு மேலே துருத்தாமல் மண்ணுக்குள் இருக்க வேண்டும். சறுக்கி விழும் இடத்திலும் ஊஞ்சலுக்கு முன்னும் பின்னும் ஒரு அடி ஆழத்துக்கு ஆற்று மணல் வேண்டும். செம்மண் காய்ந்தால் கல் மாதிரி. தகடு தெற்கையோ மேற்கையோ பார்த்து இருந்தால் மதியத்தில் தொடை வெந்துவிடும். வடக்குப் பார்த்தோ மர நிழலிலோ வையுங்கள். ஊஞ்சல் சங்கிலியின் மேல் கொக்கி தேய்வதை மாதம் ஒருமுறை ஏணி வைத்துப் பார்க்க ஓர் ஆளைப் பெயர் சொல்லித் தீர்மானத்தில் போடுங்கள். பார்க்க ஆள் கிடைக்காவிட்டால் ஊஞ்சலை வாங்காமல் விட்டுவிடுங்கள்.